உள்ளே இருந்த இன்னொரு கல்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ‘அனுபவம்’ ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவனிடம் மிச்சமிருக்கும் சரக்கு அது ஒன்றுதான் என்று நினைத்திருப்பார்கள். தவறில்லை. ஆனால் பாறையை எப்படி எடுப்பது, எப்படிப் பொடிப்பது, எப்படி வயது காண்பது என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. கையேட்டில் பாதியை எழுதியவன் நான். மீதிப் பாதியில் பிழை திருத்தியவனும் நான்தான். அதனால் அதில் என்ன இல்லை என்பது மற்ற யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, புதுக்கோட்டையில் எங்களுக்கு ஒரு கள முகாம் இருந்தது. பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் வாடகை வீடு. முன்னறை அலுவலகம். கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் பாறை நசுக்கும் எந்திரம். எந்திரத்தை இயக்கியவர் முத்துக்கருப்பன். வல்லத்திராக்கோட்டைக்காரர், நாற்பதைத் தாண்டியவர், முன்பு கல்லுடைக்கும் தொழிலில் இருந்தவர். ஒப்பந்தக்காரர் வழியாக எங்களிடம் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டுதான் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருந்தது.

எங்கள் வேலை, மேற்கே பொன்னமராவதிப் பக்கம் இருந்த ஒரு பாறை மேடு. சாம்பல் நிற வரிப்பாறைக்கு நடுவே, ஒரு பேருந்தைப் படுக்கப் போட்டுப் புதைத்தது போல, கரும்பச்சையாக ஒரு பட்டை. பச்சைக்கல் பட்டை பற்றிப் பரீட்சையில் எழுதித்தான் நீங்கள் வேலைக்கு வந்திருப்பீர்கள்: பூமி இளமையாக இருந்தபோது கடலடியில் கொட்டிய எரிமலைக் குழம்பு, பின்னால் அழுத்தத்தில் வெந்து பச்சையாகிக் கண்டத்துக்குள் மடிந்து கிடப்பது. கர்நாடகத்தில் அது ஊர் ஊராக நீள்கிறது. நம் பக்கம் இல்லை. இல்லை என்று எல்லோரும் எழுதி முடித்த இடத்தில் ஒரு பேருந்து அளவுக்கு இருந்தால் அது என்ன?

கரும்பட்டையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளை நரம்பு ஓடியது. ஆழத்திலிருந்து உருகி மேலேறி வந்து உறைந்த கல். அதற்குள் சிர்கான் மணிகள் இருக்கும். மணலைவிடச் சிறியவை, பிறந்த காலத்தை மறக்காதவை. நரம்பின் வயது தெரிந்தால், அது வெட்டிய பட்டை அதற்கும் முந்தியது என்று சொல்லலாம். திட்டம் அவ்வளவுதான். நல்ல திட்டம். எழுதியது நான்.

வைகாசி மாதம், நண்பகல். முத்துக்கருப்பனும் நானும் மேட்டில் ஏறினோம். கீழே ஆடுகள் மேய்ந்தன. சாம்பல் பாறை மீது தாராளமாக ஏறின, கரும்பட்டையின் விளிம்பு வந்ததும் நின்று திரும்பின. கறுத்த பாறை அதிகமாகச் சுடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திசைகாட்டியை வைத்தேன். முள் வடக்கைத் தேடவில்லை. மெதுவாக, மேய்கிற மாட்டின் தலை போல, ஒரு பக்கம் போய், நின்று, மறுபக்கம் போனது. பாறையில் காந்த இரும்பு இருந்தால், அல்லது எப்போதோ இடி விழுந்திருந்தால், இப்படி ஆகும். இதற்கும் விளக்கம் உண்டு. அந்த மேட்டில் விளக்கங்களுக்குப் பஞ்சமில்லை.

முத்துக்கருப்பன் நரம்பின் பக்கம் குந்தி, சுத்தியல் கட்டையால் மூன்று முறை தட்டினார். காதைச் சாய்த்துக் காத்திருந்தார்.

“என்னப்பா, கதவைத் தட்டுறியா?” என்றேன்.

“ஆமா சார். ஆளு இருக்கான்னு பாக்க வேணாமா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல், “உளி வைக்கிறதுக்கு முன்னாடி நாங்க மூணு தட்டு தட்டிருவோம் சார். உசுருள்ள கல்லுன்னா கணீர்னு வரும். செத்த கல்லுன்னா பொத்துன்னு வரும். ஏறலாமா வேணாமான்னு அதுலயே தெரிஞ்சுரும்” என்றார்.

“இது எப்படி?”

“இது ரெண்டுலயும் சேரல. தட்டுனதுக்கு ஒரு சத்தம் வருது. அது அடங்குன பொறவு இன்னொண்ணு வருது.” கையைப் பாறையில் வைத்துப் பார்த்தார். “உள்ள வேற ஒண்ணு இருக்கு சார்.”

நானும் தட்டிப் பார்த்தேன். இரண்டாவது சத்தம் வந்தது. அடியில் பாறை தகடு தகடாகப் பிரிந்திருக்கும், அந்த இடுக்கில் எதிரொலிக்கிறது என்று அவருக்கு விளக்கினேன். விளக்கம் சரியானதுதான், இன்றும் அதையே சொல்வேன். ஆனால் அந்த இரண்டாவது சத்தம் ஒரு கையகல இடுக்குக்கு உரிய நேரத்தைவிடத் தாமதமாக வந்தது. எவ்வளவு தாமதம் என்று நான் அளக்கவில்லை. அளந்திருந்தால் எழுத வேண்டியிருக்கும்.

மாதிரி எடுத்தோம். எண் போட்டோம். இறங்கினோம்.

ஆவணியில் அதைப் பொடித்தோம். அதே வாரம், அதே எந்திரத்தில், இதற்குச் சற்று முன்னால், கர்நாடகப் பச்சைக்கல் பட்டையிலிருந்து ஒப்பிடுவதற்காகக் கொண்டுவந்த மாதிரியையும் பொடித்திருந்தோம். இரண்டுக்கும் தனித்தனி எந்திரம் கேட்டிருந்தேன். ஒன்றே போதும் என்று பதில் வந்தது. சிக்கனம் என்று பெயர்.

ஐப்பசிக் கடைசியில், வயது கண்ட ஆய்வகத்திலிருந்து பட்டியல் வந்தது. நரம்பின் மணிகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ ஐம்பத்தைந்து கோடி ஆண்டு. நம் பகுதிக்குப் பொருத்தமான வயது, யாரும் கண்ணைத் தூக்கிப் பார்க்க மாட்டார்கள். அவற்றுக்கு நடுவே ஒன்பது மணிகள் முந்நூறு கோடி ஆண்டைத் தாண்டியிருந்தன.

புதுக்கோட்டையில் முந்நூறு கோடி. கேட்பவனுக்கு முதலில் மகிழ்ச்சி வரும் என்று நினைப்பீர்கள். வராது. பயம்தான் வரும். ஏனென்றால் கர்நாடக மாதிரியின் வயதும் முந்நூறு கோடிக்கு மேல். முந்தைய பாறையின் தூள் எந்திரத்தின் பற்களில் ஒட்டியிருந்து அடுத்த பாறையில் கலந்துவிட்டது என்ற சந்தேகத்தைத் தவிர, நம் தொழிலில் வேறெதுவும் முதலில் தோன்றாது. தோன்றவும் கூடாது.

எங்கள் பிரிவுத் தலைவர் முகாமுக்கே வந்தார். என்னை இந்தத் தொழிலில் வளர்த்தவர். அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஆகவே விடுகிறேன். முத்துக்கருப்பனை முன்னறைக்கு அழைத்தோம்.

“ரெண்டு மாதிரிக்கும் நடுவுல எந்திரத்தைச் சுத்தம் பண்ணினீங்களா?” என்று தலைவர் கேட்டார்.

“பண்ணுனேன் சார். பிரஷ் போட்டேன். காத்து அடிச்சேன். வெங்கச்சங்கல்லப் போட்டு ரெண்டு தரம் அரைச்சுச் சலிச்சேன். பெறகுதான் இந்தக் கல்லப் போட்டேன்.”

வெங்கச்சங்கல் என்றால் வெள்ளைக் குவார்ட்ஸ், அதில் சிர்கான் இருக்காது என்றே கொள்ளலாம். பற்களில் ஒட்டிய பழைய தூளை அது துடைத்துக்கொண்டு வெளியே வரும். கையேட்டு முறை அதுதான்.

“யார் பார்த்தா?”

“யாரு பாப்பா சார்? நான் மட்டுந்தான் இருந்தேன்.” என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துப்புரவு நடக்கும்போது அதிகாரி ஒருவர் கொட்டகையில் நின்று பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அந்த விதியையும் எழுதியவன் நான். பதிவேட்டில் என் கையெழுத்து இருந்தது. கொட்டகையில் நான் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு வாரத்துக்கும் சேர்த்து, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கையெழுத்திடுவது என் வழக்கம்.

“என்ன நடந்ததுன்னு ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்க” என்றார் தலைவர் என்னிடம்.

எனக்கு அரை மணி நேரம் கொடுத்தார். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். ‘எந்திரத் துப்புரவு முறையாக மேற்கொள்ளப்படவில்லை எனக் கருத இடமுண்டு.’ யார் மேற்கொள்ளவில்லை என்று அந்த வாக்கியத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வாசிக்கிறவர்களுக்கு அது தானாகத் தெரியும். அடுத்த திங்கட்கிழமை முத்துக்கருப்பனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நிரந்தரப் பட்டியலிலும் அவர் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு. பட்டியல் மார்கழிக் கடைசியில் மேலே போகும். அதற்குள் பென்சில் கோடு அழியாவிட்டால் மையாகிவிடும். பதிவேட்டில் இருந்த என் கையெழுத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது நிரந்தரக் கையெழுத்து.

ஒரு வாரம் கழித்து மணிகளின் படங்கள் வந்தன. பட்டியலோடு வந்திருக்க வேண்டியவை, தாமதமாக வந்தன. கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். இத்தகைய படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எலக்ட்ரான் கற்றை படும்போது மணி தானே ஒளிரும், உள்ளமைப்பு தெரியும். ஐம்பத்தைந்து கோடி மணிகள் வெளிறி, ஒரே சீராக இருந்தன. அந்த ஒன்பது மட்டும் அப்படி இல்லை. நடுவில் கரியாய் ஒரு கரு. அதைச் சுற்றி மயிரிழை அகலத்தில் வெளிச்ச விளிம்பு. ஒன்பதையும் ஒரே திரையில் வரிசையாக வைத்தேன். ஒன்பது கண்கள் இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆய்வகத்தார் கற்றையை நடுவில் வைத்து அளந்திருக்கிறார்கள்; அதனால் கருவின் வயது மட்டும் கிடைத்திருக்கிறது. நான் எண்களை மட்டும் படித்தேன். எண் படிக்கத் தெரிந்தவர்கள் செய்யும் தவறு இது. எழுத்தறியாதவர்கள் செய்ய மாட்டார்கள். எந்திரத்தில் ஒட்டிவந்த மணியென்றால் அதற்கு இந்த ஊர் விளிம்பு எப்படி வரும்? விளிம்பு என்றால் அந்தப் பழைய மணி நரம்பின் உருகலுக்குள் கிடந்து, அது உறைந்தபோது புதுத் தோல் போர்த்திக்கொண்டிருக்கிறது என்று பொருள். நரம்பு மேலேறி வந்த வழியில், புதுக்கோட்டைக்கு அடியில் எங்கோ, முந்நூறு கோடி ஆண்டு நிலம் ஒன்று இருந்திருக்கிறது. கரும்பட்டை அதன் கடைசித் துண்டாகவும் இருக்கலாம்.

உள்ள வேற ஒண்ணு இருக்கு சார்.

தலைவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“விளிம்பை அளந்தீங்களா?”

“அளக்க முடியாது சார். கற்றையோட அகலமே அதைவிடப் பெரிசு.”

“அளக்காததை நான் எழுத மாட்டேன். நீங்களும் எழுத மாட்டீங்க, நான்தானே பழக்கினேன். அதே நரம்புல இன்னொரு மாதிரி எடுங்க. வேற ஊர்ல, வேற எந்திரத்துல பொடிங்க. அதுலயும் இந்த மணி வந்தா அந்த ஆள் மேல தப்பில்லை. பென்சிலை நானே அழிக்கறேன். வராட்டி உங்க குறிப்பு நிக்கும்.”

முதல் மாதிரியின் மிச்சம் இல்லையா என்பீர்கள். கெட்டுப்போன மாதிரியைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. கொட்டியாயிற்று. விதிகளை நான் எவ்வளவு கச்சிதமாக எழுதியிருக்கிறேன் பாருங்கள்.

முத்துக்கருப்பனைக் கூப்பிட்டேன். மேட்டில் இப்போது குவாரி வந்துவிட்டது, நரம்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், வர முடியுமா என்று கேட்டேன். “வாரேன் சார்” என்றார். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

கார்த்திகை மாதம். நான்கு நாள் மழை விட்டு அன்றுதான் வெயில். மேட்டில் பாதி இல்லை. இருந்த இடத்தில் செங்குத்தான பள்ளம். அடியில் மழைத்தண்ணீர், பச்சையாக, அசையாமல். கரும்பட்டை முழுக்கப் போய்விட்டது. பள்ளத்தின் எதிர் விளிம்பில் ஆளுயரத்தில் இரண்டு மடங்கு இருக்கும் ஒரு பலகைப் பாறை மட்டும் நின்றது. அதன் நெற்றியில், கையகலத்துக்கு, வெள்ளை நரம்பு.

குவாரி மேஸ்திரி கடிகாரத்தைக் காட்டினார். “ஒரு மணிக்கு வெடி வைக்கிறோம் சார். அந்தப் பலகையும் இன்னைக்கோட காலி. எடுக்கிறதுன்னா எடுத்துட்டு ஓடிருங்க.”

மணி பன்னிரண்டே கால். ஆட்கள் எல்லாரும் சாப்பாட்டுக்கு ஒதுங்கியிருந்தார்கள். எந்திரம் எதுவும் ஓடவில்லை. அப்போது சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். இடைவெளி. மறுபடி மூன்று.

“யாரு அங்கிட்டு உடைக்கிறது?” என்று கேட்டேன்.

“யாரும் இல்ல சார். மழைவிட்டதுலேர்ந்து, காலையிலேருந்து கெடந்து தட்டுது” என்றார் மேஸ்திரி. “அதான் பசங்க அங்கிட்டுப் போக மாட்டேங்கிறானுங்க. வெடி வச்சாத்தான் வாயை மூடும்.”

மேலிருந்த பாரத்தை வெட்டி எடுத்துவிட்டால் அடிப்பாறை மூச்சு விடும், வெயிலில் விரிந்து வெடிக்கும், சத்தம் வரும். இது பாடத்தில் உள்ளது. அது ஏன் எண்ணி எண்ணி மூன்றாக வர வேண்டும் என்பது பாடத்தில் இல்லை.

பலகைக்கு ஏறும் சரிவில் கால் வைத்தேன். முத்துக்கருப்பன் எனக்கு முன்னால் போய், பலகையின் அடியில் மூன்று முறை தட்டினார். காதை வைத்தார். நான் நின்றேன். பள்ளத்துச் சத்தமும் அந்த நேரம் நின்றிருந்தது.

“ஏறாதீங்க சார்.”

“என்ன?”

“மூணு தட்டுனேன். நாலு வருது.”

“எதிரொலி.”

“மூணுக்கு மூணுதானே சார் எதிரொலிக்கும்?”

“முத்துக்கருப்பா, உன் வேலைக்காகத்தான் நான் ஏறுறேன். இதை விட்டா வேற கல்லு இல்லை. புரியுதா?”

“என் வேலைங்கிறதாலதான் சொல்றேன். எனக்கில்லாத அவசரம் ஒங்களுக்கு எதுக்கு? ஏறாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன்.”

இதுதான் உங்களுக்கு நான் சொல்ல வந்த இடம். மேலே, பத்தடி தூரத்தில், முந்நூறு கோடி ஆண்டு. என் தவறைச் சரிசெய்யும் ஒரே துண்டு. கீழே, அந்தத் தவறால் வேலை இழந்த ஆள் வேண்டாம் என்கிறார். அளந்த சான்று எதுவும் அவரிடம் இல்லை. காது மட்டும்தான் இருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை அந்தக் காதுக்கு நான் விளக்கம் சொல்லியிருந்தேன்.

காலை எடுத்துவிட்டேன். இருவரும் பின்னால் நடந்தோம். இருபது அடி நடந்திருப்போம். பின்னால் வெளிச்சம் மாறியது போல இருந்தது. திரும்பினேன். பலகை குனிந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை, ஒருவர் எதையோ எடுக்கக் குனிவது போல, அவசரமில்லாமல். பிறகு முழுதாகச் சரிந்து தண்ணீருக்குள் போனது. பச்சைத் தண்ணீர் ஒரு முறை மேலேறி இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, அடியிலிருந்து, டொக், டொக், டொக்.

மூன்று துண்டாக உடைந்து அடியில் மோதியிருக்கலாம்.

மேஸ்திரி ஓடிவந்தார். பள்ளத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஒரு வெடி மிச்சம்” என்று மட்டும் சொன்னார்.

சிதறிக் கிடந்த துண்டுகளில் ஒன்றை எடுத்திருக்கலாமே என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். கேட்காதீர்கள். குவாரியில் தரையில் கிடக்கும் கல் எங்கிருந்து வந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. இடம்விட்டு வந்த கல்லின் சாட்சி நம்மிடம் செல்லாது.

ஜீப்பில் திரும்பினோம். புதுக்கோட்டையைத் தாண்டி வல்லத்திராக்கோட்டையில் அவரை வீட்டில் இறக்கிவிடப் போனேன். வாசலில் அவர் மனைவி பாண்டிச்செல்வி நின்றிருந்தார். முன்பு பார்த்ததில்லை. ஆனால் நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“சுத்தம் பண்ணலேன்னு எழுதுன சார் நீங்கதானா?” என்றார். “வாங்க, உள்ள வாங்க. வாசல்ல மட்டும் பாத்துக் கால் வைங்க.”

அதற்குள் கால் வைத்துவிட்டிருந்தேன். பெரிய கோலம். என் பூட்ஸ் நடு இழையில் பதிந்திருந்தது.

“அதான் மிதிச்சாச்சே, பரவாயில்ல. ஒங்க ஆபீஸ் மாவுதான்” என்றார் பாண்டிச்செல்வி.

“ஆபீஸ் மாவா?”

முத்துக்கருப்பனின் முகம் வெளுத்தது. “ஏய், சும்மா இரு.”

“நான் ஏன் சும்மா இருக்கணும்? வேலைதான் போயாச்சே, இன்னும் என்னத்தப் புடுங்கப் போறாக?” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “எந்திரத்தைக் கழுவ வெள்ளக்கல்ல அரைப்பாராம். அதக் கீழதான கொட்டப் போறீங்கன்னு வீட்டுக்குக் கொண்டாந்துருவாரு. கடை மாவவிட நல்லாப் பளிச்சுன்னு இழையும். மார்கழிக்குன்னு சேத்து வப்பேன்.”

நான் கேட்டேன்: “எதில் கொண்டுவருவார்?”

“எதுல? ஒங்க பையிலதான். வெறும் மாவக் கட்டிக் கொண்டாந்தாலும் இவருக்கு நம்பர் போட்டு ஊசி அடிக்காட்டித் தூக்கம் வராது. வீட்டுல பருப்புக்கும் நம்பர் போடாததுதான் பாக்கி.”

டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். பெரிய தகர டப்பா. உள்ளே எங்கள் மாதிரிப் பைகள், ஒவ்வொன்றிலும் எங்கள் வரிசை எண், அவர் கையெழுத்தில் தேதி, எந்த மாதிரிக்குப் பிறகு அரைத்தது என்ற குறிப்பு. சில பைகள் பிரிந்திருந்தன. அடியில் கிடந்தது அந்த ஒன்று: கர்நாடக மாதிரிக்குப் பிறகு, மேட்டு நரம்புக்கு முன்னால். பையின் வாயில் அடித்த ஸ்டேப்ளர் ஊசி கழலவில்லை. மார்கழி பிறக்க இன்னும் ஆறு நாள்.

எந்திரத்தில் பழைய தூள் ஒட்டியிருந்தால், அதில் முதலில் அகப்பட்டிருக்க வேண்டியது இந்த வெங்கச்சங்கல் பொடிதான். எந்திரத்துக்குள்ளும் சல்லடைக்குள்ளும் போய் வந்த சாட்சி. பதினோரு ஆண்டுகளாக ஒவ்வொரு துப்புரவுக்கும் சாட்சி எடுத்து வைத்திருந்த ஒரே ஆளை, சாட்சி இல்லை என்று நான் வெளியே அனுப்பியிருந்தேன்.

“இதை எடுத்துட்டுப் போகலாங்களா?” என்று முத்துக்கருப்பனிடம் கேட்டேன்.

“ஆபீஸ் பொருளை வீட்டுக்குக் கொண்டாந்தது தப்புன்னு வேற எழுதுவீங்களா சார்?”

“எழுதித்தான் ஆகணும். எங்கே இருந்ததுன்னு கேப்பாங்க.”

“எழுதுங்க. சுத்தம் பண்ணலேன்னு எழுதுனதவிட அது தேவல.”

பையை மூன்று பேர் முன்னிலையில், வேறு ஊரில் இருந்த ஆய்வகத்தில் பிரித்தோம். கழுவி, கனமணிகளைப் பிரித்து, நுண்ணோக்கியில் வைத்தோம். ஒரு சிர்கான்கூட இல்லை. எந்திரம் சுத்தமாக இருந்திருக்கிறது. அப்படியானால் அந்த ஒன்பதும் நரம்புக்குள்ளிருந்தே வந்தவை.

தலைவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

“பொடி எங்கே இருந்தது?”

“கோலமாவு டப்பாவுல, சார்.”

“அப்படியே எழுதுங்க” என்றார். பிறகு, “பதிவேட்டுல கையெழுத்து போட்டப்ப நீங்க எங்கே இருந்தீங்க?” என்றும் கேட்டார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவருக்கும் அது தெரியும். அதையும் அப்படியே எழுதினேன். அந்தக் குறிப்பை எழுத எனக்கு ஒரு நாள் ஆயிற்று. என் பதவி உயர்வு அதோடு நின்றது. பென்சில் கோடு அழிந்தது.

துப்புரவுப் பொடியை எண்ணிட்டுப் பாதுகாக்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி இருக்கிறதே, காரணம் சொல்லாமல், அது அப்போது சேர்த்தது. பள்ளத்தின் இடக்குறியீடு, பிறகு இதைப் பற்றி வெளியான எங்கள் கட்டுரையில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு மாதிரி எடுக்க வேண்டும் என்று யாராவது எழுதிக் கேட்பார்கள். தண்ணீர் இருக்கிறது என்று பதில் எழுதுவேன். தண்ணீரிலிருந்து என்ன கேட்கிறது என்று எழுதுவதில்லை. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

முத்துக்கருப்பன் தை மாதம் வேலைக்குத் திரும்பினார். கொட்டகைக்குப் போனேன். இந்த முறை முன்னறையிலிருந்து எழுந்து போனேன். எந்திரத்தின் மீது தூசு படிந்திருந்தது. துடைத்துக்கொண்டிருந்தார்.

“சார், ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“நான் சுத்தம் பண்ணலேன்னு எழுதுனீங்களே, அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போட்டாச்சா?”

“கோப்பில் எதையும் கிழிக்க முடியாது முத்துக்கருப்பன். தப்புன்னு சொல்லி மேலே இன்னொண்ணுதான் வைக்க முடியும்.”

“அப்ப அது உள்ளயே இருக்கும்.”

“இருக்கும்.”

“எத்தன வருசத்துக்கு?”

அவர் துணியை வைத்துவிட்டு, சுத்தியல் கட்டையை எடுத்து, எந்திரத்தின் இரும்புப் பல்லை மூன்று முறை தட்டினார். காதைச் சாய்த்துக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.